வீட்டுக்கொரு லேத் வளர்ப்போம்

பழைய லேத் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. அப்படிக் கேட்டவரை யாரும் பார்த்ததும் இல்லை. வாங்குவதென்று முடிவுகட்டிவிட்டு, அதற்குத் தலையாட்ட ஓர் ஆள் தேடுகிறவர்கள்தான் ஊரில் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும்: கீழே வரும் சோதனைகளை ஒழுங்காகச் செய்தால் லேத் வாங்க முடியாமலே போய்விடக்கூடும். ஆகவே எந்தச் சோதனையை எப்படித் தட்டிக்கழிப்பது என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறேன்.

ஆசை எங்கே பிறந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் நள்ளிரவில், கைப்பேசியில். இங்கிலாந்தில் தோட்டத்துக் கொட்டகைக்குள் ஒரு பெரியவர் ஆற அமர டீ குடித்தபடி குட்டி நீராவி எஞ்சினுக்கு பிஸ்டன் கடைகிறார். அவர் முன்னால் மேஜைமேல் இருப்பது மைஃபோர்டு எம்.எல்.7. நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் 1946-ல் செய்ய ஆரம்பித்த மிஷின். பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இரும்பைக் கடைய உட்காருகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. அந்த நாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே 1898-லேயே 'மாடல் இன்ஜினியர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டது. ஆசைக்கு அங்கே அவ்வளவு வசதி.

நம்மூரில் அப்படியொரு லேத் பிறக்கவே இல்லை. ஹரிஹரில் 1941-ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் ஆகட்டும், பெங்களூரில் 1953-ல் தொடங்கிய எச்.எம்.டி. ஆகட்டும், கோவை பி.எஸ்.ஜி. ஆகட்டும், செய்ததெல்லாம் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் கல்லூரிக்கும்தான். அந்த விலை கொடுக்க முடியாத சிறு பட்டறைகளுக்கு பட்டாலாவிலிருந்தும் லூதியானாவிலிருந்தும் ராஜ்கோட்டிலிருந்தும் லாரியில் வந்து இறங்கின. எல்லாமே சோறு போடப் பிறந்தவை. பழைய லேத் என்று எது உங்கள் கைக்கு வந்தாலும் அது எங்கோ காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்றது. அல்லது ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டது. இந்த ஓர் உண்மையை மறந்துவிடுவது லேத் வாங்குவதற்கு மிகவும் அவசியம்.

இணையத்தில் விற்கும் சீனத்து மினி லேத்தை வாங்கினால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்கலாம். மேஜைமேல் வைக்கலாம், இரண்டு பேர் தூக்கிவிடலாம், வீட்டு கரண்டில் ஓடும், புதிது. இத்தனை நியாயங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. "அது பொம்மை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. நம்மூரில் லேத்தை அடிக்கணக்கில் சொல்வார்கள். நாலரை அடி, ஆறடி, எட்டடி. நாலரை அடி லேத்தில் நாலரை அடிக் கம்பியைக் கடையலாம் என்று நம்பி இருப்பவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும். அது பெட்டின் நீளம். ஒருபக்கம் ஹெட்ஸ்டாக், மறுபக்கம் டெயில்ஸ்டாக் உட்கார்ந்தது போக நடுவில் மிஞ்சுவது இரண்டடிக்குச் சற்று மேல். குறுக்களவில் வேறு குழப்பம். ஆங்கிலேயர் பெட்டிலிருந்து சென்டர் வரை உள்ள உயரத்தைச் சொல்வார்; அமெரிக்கர் அதை இரட்டித்து விட்டமாகச் சொல்வார். மூன்றரை இன்ச் மைஃபோர்டும் ஏழு இன்ச் அமெரிக்க லேத்தும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். விற்பவர் இரண்டில் எது பெரிதோ அதைச் சொல்வார். அந்த ஏழு இன்ச்சும் பெட்டுக்கு மேலே மட்டும். கிராஸ் ஸ்லைடுக்கு மேலே வந்தால் இன்னும் சுருங்கிவிடும். தட்டையான தட்டு ஒன்றைச் சுற்றலாம். அதே விட்டத்தில் நீளமான உருளையைச் சுற்ற முடியாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டால் மனம் சோர்ந்துவிடும். "எனக்குச் சின்ன வேலைதான்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். உண்மையும் அதுதான்.

இனி பார்க்கப் போகலாம். கோவையில் என்றால் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம். சென்னை என்றால் அம்பத்தூர். சந்து சந்தாகப் பட்டறைகள். பாதிப் பட்டறைகளில் புதிதாக சி.என்.சி. நுழைந்திருக்கும், பழையது மூலையில் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

"மிஷின் கிண்ணுனு இருக்குதுங்க. சி.என்.சி. போட்டுட்டோம், அதானுங்க குடுக்கறோம். இல்லாட்டி இதையெல்லாம் எதுக்குங்க குடுக்கப் போறோம்?"

"எத்தனை வருசம் ஓடுச்சுங்கண்ணா?"

"எங்கீங்க ஓடுச்சு? சும்மாதானுங்க நின்னுட்டு இருந்துச்சு."

பிறகு அவர் கேட்பார்: "தம்பி என்ன பண்றீங்க?" ஐ.டி. என்று நீங்கள் சொல்லும் அந்த நொடியில் விலை ஏறிவிடும். பரவாயில்லை. வீட்டில் வைத்துப் பழகத்தான் என்று அடுத்து சொல்வீர்கள். இன்னும் கொஞ்சம் ஏறும்.

உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர் இருப்பார். ஐ.டி.ஐ. முடித்து மில்லிலோ மோட்டார் கம்பெனியிலோ முப்பது வருஷம் நின்றவர். அவரைக் கூட அழைத்துப் போகலாமா என்று தோன்றும். கூடவே கூடாது. இதுதான் இந்த வழிகாட்டியின் ஆகப்பெரிய அறிவுரை. அவர் வந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

நீங்கள் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். புத்தம்புதுப் பச்சை, கைப்பிடியில் சிவப்புக் குமிழ். பெட்டின் மேல் மீன் செதில் வரிசையாகப் பளபளக்கும் கீறல் கோலம் வேறு. கையால் ஸ்க்ரேப்பர் போட்டுச் சமன் செய்த நல்ல மிஷினில் அப்படிக் கோலம் இருக்கும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். டர்னர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கமாட்டார்; அவருக்குச் சிரிப்பு வருவதே அபூர்வம். விற்பதற்கு முந்தின வாரம்கூட அந்தக் கோலத்தைப் போடலாம், அடியில் மேடுபள்ளம் அப்படியே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வேட்டி முனையால் கிரீஸைத் துடைத்துவிட்டு, சக்குக்கு முன்னால் பெட்டின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவுவார். டூலைச் சுமந்து நகரும் சேடில் ஓடாத இடத்தில் பெட் புதிதாகவே இருக்கும். ஓடிய இடம் தேய்ந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் நகத்துக்கு ஒரு படி தட்டும். அந்தப் படியைத்தான் அவர் தேடுகிறார்.

அடுத்து சேடிலை சக்கின் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் லாக் போல்ட்டை மெல்ல இறுக்குவார், லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும். பிறகு ஹேண்டிலைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துவார். நல்ல பெட் என்றால் கடைசிவரை ஒரே சீராகப் போகும். தேய்ந்த பெட் என்றால் பாதி வழியில் இறுகி நின்றுவிடும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு ஸ்பேனர் போதும். இந்தச் சோதனை முடிந்ததும் அவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. பம்பு செட் ஷாஃப்டோ, புஷ்ஷோ, ஏதோ ஒரு சாமானையே வருடக்கணக்காகக் கடைந்த ஜாப் ஒர்க் லேத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாழ்க்கை முழுக்க சக்குக்கு முன்னால் உள்ள ஓரடிக்குள்ளேயே நடந்திருக்கும். சேடில் அந்த ஓரடியில் போய்வந்து போய்வந்து, இரும்புத்தூளும் எண்ணெயும் சேர்ந்த சாந்தால் பெட்டைத் தேய்த்திருக்கும். மீதி மூன்றடி கன்னி கழியாமல் இருக்கும். விற்பவர் கையை நீட்டிக் காட்டுவது அந்த மூன்றடியைத்தான். நீங்கள் வீட்டில் கடையப் போவதோ பித்தளைப் பம்பரம், பேனா, குட்டி எஞ்சின் சக்கரம். அத்தனையும் தேய்ந்துபோன அதே ஓரடிக்குள் அடங்கும். வெட்டும்போது டூல் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும். நேராக இருக்க வேண்டிய உருளை பீப்பாயாகவோ கூம்பாகவோ வரும்.

ஆகவே பிராண்டைக் கேட்பதைவிட, முன்பு எங்கே வேலை பார்த்தது என்று கேட்பது மேல். பாலிடெக்னிக்கிலிருந்து ஏலத்தில் வந்த லேத் அதிகம் ஓடியிருக்காது. ஆனால் அதை ஓட்டியவர் ஒவ்வொருவரும் அன்றுதான் முதல்முறை ஓட்டியவர். சக்கைக் கழற்றும்போது பெட்மேல் போட்ட வடு, ஓடும் சக்கில் முட்டிய காம்பவுண்ட், திருகு நசுங்கிய டூல் போஸ்ட் எல்லாம் இருக்கும். என் ஓட்டு மூடிப்போன பஞ்சாலையின் மராமத்துப் பிரிவு லேத்துக்குத்தான். ஒரு நாள் நீள ஷாஃப்ட், மறுநாள் கியர் பிளாங்க், மூன்றாம் நாள் ஒன்றுமில்லை என்று பலவிதமாக ஓடியிருக்கும். தேய்மானம் ஓரிடத்தில் குவிந்திருக்காது. அதைவிட முக்கியம், அதை ஒரே ஃபிட்டர் யாரையும் தொடவிடாமல் காத்து வந்திருப்பார். ஆனால் அதற்குப் பச்சைப் பெயின்ட் இருக்காது. பழைய சாம்பல் நிறம், எண்ணெய்ப் பிசுக்கு. பார்த்ததும் உங்களுக்குப் பிடிக்காது. விட்டுவிடுங்கள்.

அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்புவார், ஸ்பிண்டிலில் ஆட்டம் இருக்கிறதா என்று. டயல் கேஜ் கொண்டுவந்திருந்தால் முள்ளை சக்கின்மேல் வைக்கமாட்டார். மூன்று ஜா சக் தன்னளவிலேயே கொஞ்சம் மையம் விலகிச் சுற்றும், அதை வைத்து ஸ்பிண்டிலைக் குறைசொல்ல முடியாது. சக்கைக் கழற்றி ஸ்பிண்டிலின் டேப்பருக்குள் வைப்பார். ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுச் சூடு பார்ப்பார். நீங்கள் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டி வைத்திருந்தால் காலையில் போடும் முனகல் அடங்கியிருக்கும் அல்லவா? மூடியைத் திறந்து பேக் கியரில் பல் எண்ணுவார். திருகிப் பொருத்தும் சக் இறுகிக் கழற்ற வராமல் போனால், பேக் கியரைப் பூட்டி வைத்துக்கொண்டு ஓங்கி ஓர் அடி கொடுப்பது பட்டறை வழக்கம். சக் கழன்றுவிடும். கூடவே பல்லும்.

கடைசியாக, மிக மோசமான காரியம் ஒன்றைச் செய்வார். பையிலிருந்து ஒரு துண்டு கம்பியை எடுத்து, சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் ஆறு இன்ச் வெளியே விட்டு, சக்கின் பக்கத்தில் ஓரிடத்திலும் நுனியில் ஓரிடத்திலும் கிராஸ் ஸ்லைடை நகர்த்தாமல் ஒரே அளவில் லேசாகச் சீவி, இரண்டையும் மைக்ரோமீட்டரில் அளப்பார். வித்தியாசம் 0.02 மில்லிமீட்டருக்குள் என்றால் தலையை ஒருமுறை ஆட்டுவார். 0.1 என்றால் மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு டீ சாப்பிடலாம் என்பார். (பெட் முறுக்கிக்கொண்டு நின்றாலும் இந்த வித்தியாசம் வரும், தரையில் லெவல் பார்த்து உட்கார வைத்தால் போய்விடும். இதை விற்பவரும் சொல்வார். தேய்ந்த பெட்டுக்கும் சொல்வார்.)

டீ முடிந்தபின் நீங்கள் லேத்தை வாங்கியிருக்கமாட்டீர்கள். அதனால்தான் தனியாகப் போகச் சொல்கிறேன்.

தனியாகப் போனால் நீங்கள் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே குறை கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலின் ஆட்டம். கால் சுற்றுச் சுற்றிய பிறகுதான் ஸ்லைடு நகரும். உடனே முகத்தைச் சுருக்கி, "பேக்லாஷ் நிறைய இருக்கே" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் குறைப்பீர்கள். லேத் தெரிந்தவர்கள் அதிகம் கவலைப்படாத குறை இது. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வந்து நிறுத்தினால் ஆட்டம் வேலையில் தெரியாது. வேண்டுமென்றால் கன்மெட்டலில் புது நட் போட்டுக்கொள்ளலாம். பெட் தேய்ந்தால்தான் தப்ப வழியில்லை. கிரைண்டிங்குக்கு அனுப்பலாம்தான். ஆனால் பெட்டைச் சீவிய அளவுக்கு சேடில் கீழே இறங்கும், ஏப்ரன் இறங்கும், லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு எல்லாம் கோணும். சேடிலுக்கு அடியில் டர்சைட் பட்டை ஒட்டி மறுபடி உயர்த்த வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு பழைய லேத் வந்துவிடும். பலர் அப்படியே செய்து இரண்டு வைத்திருக்கிறார்கள்.

கியர் பெட்டியை, அதாவது சேஞ்ச் வீல்கள் போட்டு வைத்திருக்கும் சாக்கை, அவிழ்த்துப் பார்க்காதீர்கள். நம்மூர்ப் பழைய லேத்துகளில் லீட் ஸ்க்ரூ பெரும்பாலும் இன்ச் கணக்கு. இன்ச்சுக்கு நாலு புரி, அதாவது ஒரு புரிக்கு 6.35 மில்லிமீட்டர். இதை வைத்து ஒரு மில்லிமீட்டர் பிட்ச் திரெட் போட வேண்டுமென்றால் கணக்கு 127-க்கு 20 என்று வந்து நிற்கும். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127, அது பகா எண், எதாலும் சுருக்க முடியாது. ஆகவே துல்லியமாக வேண்டுமென்றால் 127 பல் உள்ள சக்கரம் ஒன்று இருந்தே தீர வேண்டும். சாக்கில் இருபது சக்கரம் இருக்கும், அது இருக்காது. "மெட்ரிக் எல்லாம் போடுமுங்க" என்று விற்பவர் சொல்லும்போது நம்புவது உங்கள் கடமை. இந்தக் காலத்தில் இன்ச் போல்ட் எங்கே கிடைக்கிறது என்ற கேள்வியும் வேண்டாம். பழைய கடைக்காரர்கள் இன்னும் மூணு நூல், நாலு நூல் என்றுதானே போல்ட் எடுத்துத் தருகிறார்கள்.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாக. பட்டறை லேத்தில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும், உங்கள் வீட்டில் ஒரு ஃபேஸ்தான் இருக்கலாம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாற்றலாம், அல்லது வி.எஃப்.டி. ஒன்று வாங்கினால் ஒரு ஃபேஸை உள்ளே வாங்கி மூன்றாக வெளியே விடும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். உருப்படியான செலவு என்று இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான்.

விலை பேசும்போது விற்பவர், "இரும்பு விலைக்கே தர்றேனுங்க, காயலான் கடையில போட்டாலே இது வந்துரும்" என்பார். அது மிஷினுக்கு மட்டும். நாலு ஜா சக், மூன்று ஜா சக்கின் தலைகீழ் ஜாக்கள், ஸ்டெடி, ட்ரில் சக், லைவ் சென்டர், மிராண்டா டூல் பிட்கள், அதைத் தீட்டக் கிரைண்டர், வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், அதற்கு மேக்னடிக் ஸ்டாண்ட் எல்லாம் தனி. கூட்டினால் லேத்தின் விலையைத் தொட்டுவிடும், சிலருக்குத் தாண்டியும் விடும். ஒரே நாளில் கூட்டிப் பார்க்க வேண்டாம். மாதம் ஒன்றாக வாங்கினால் யாருக்கும் தெரியாது. கூரியர் வரும் நேரத்தில் வாசலில் நீங்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியில் ஏற்றுவது தனிக் கலை. பல நூறு கிலோ. எடை முழுக்க ஹெட்ஸ்டாக் பக்கமும் மேல்பக்கமும். நடுவில் பெல்ட் கட்டித் தூக்கினால் ஒருபக்கமாகத் தலைகுப்புறக் கவிழும். கைப்பிடிகளிலோ லீட் ஸ்க்ரூவிலோ கயிறு போட்டுத் தூக்கினால் அதோடு கதை முடிந்தது. சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் கோடிக்குத் தள்ளிப் பூட்டி எடையைச் சரிக்கட்டி, கட்டையில் ஏற்றி, கடப்பாரையும் குழாய் உருளையும் கொண்டு நகர்த்தும் ஆட்கள் எல்லாத் தொழிற்பேட்டையிலும் உண்டு. அவர்கள் கேட்பதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். மாடியில் வைக்கலாமா என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள், மரியாதை போய்விடும்.

இந்தப் பத்தியில் கிண்டல் இல்லை. வேட்டி, துண்டு, துப்பட்டா, முழுக்கை, கைக்கடிகாரம், மோதிரம், அவிழ்ந்த முடி, கையுறை எதுவும் ஓடும் லேத்தின் பக்கத்தில் இருக்கக் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று தோன்றும். லேத்தில் அது விரலோடு கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சக் சாவியிலிருந்து கையை எடுக்குமுன் சாவி சக்கிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். சாவியோடு ஸ்விட்சைப் போட்டால் அது பறக்கும் திசையை யாரும் கணிக்க முடியாது. சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்காதீர்கள். கொக்கி வைத்து, மிஷினை நிறுத்திய பிறகு எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டு.

சீவல் வீடு முழுக்கப் பரவுவதைத் தடுக்க முடியாது. லேத்துக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு வைத்துக்கொண்டால் கொஞ்ச காலத்துக்குச் சமையலறை தப்பும்.

முதலில் எல்லோரும் பித்தளைப் பம்பரம்தான் கடைகிறார்கள். கடைந்து முடித்து, தரையில் சுற்றவிட்டு, வீடியோ எடுத்து அனுப்பலாம். பிறகு சில மாதங்களுக்கு நீங்கள் கடைவதெல்லாம் லேத்துக்கே. டூல் போஸ்டுக்கு போல்ட், கைப்பிடிக்குப் பிடி, காம்பவுண்டுக்கு டயல், டெயில்ஸ்டாக்குக்கு புஷ். குட்டி நீராவி எஞ்சினின் வரைபடம் சுவரில் எண்ணெய்க் கறையோடு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த 127 பல் சக்கரத்தைப் போட கியர் ஹாபிங் பட்டறைக்குப் போவீர்கள். எதுக்குங்க இது என்று பட்டறைக்காரர் கேட்டு, விஷயம் தெரிந்ததும், "ஒரு திரெட்டு போடறதுக்கா இவ்வளவு? ஜாப்பைக் கொண்டாங்க, இங்கயே போட்டுத் தந்தர்றேன்" என்பார். கொடுத்துவிடாதீர்கள். சக்கரத்தையே கேளுங்கள்.

இதற்குள் தெருவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். லேத் பட்டறை என்று வாசலில் போர்டு வைக்காத குறைதான். கேட்டுக்குக் கீல் பின், சைக்கிள் பெடலுக்கு திரெட், மிக்ஸி ஜாருக்குக் கப்ளர் என்று வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, இதுக்கு ஒரு புஷ் போட்டுக் குடுத்துருப்பா, கல்லு ஆடுது" என்பார். நைலானா கன்மெட்டலா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கன்மெட்டலுக்கு முன்பணம் வாங்குங்கள்.